பெட்டி தூக்குகிறவருக்கு ஒரு ஸ்வெட்டர்

கொச்சியில் யாருக்கு ஸ்வெட்டர் வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். நம்மில் யார் சுள்ளிக்கல் முக்கில் பிள்ளைகளின் வேனுக்காக வியர்க்காமல் நின்றிருக்கிறோம்? போன வாரம் நம்மில் ஒருத்தி, கணவருக்குக் கனடாவில் வேலை கிடைத்திருக்கிறது, குளிருக்குக் கோட்டு ஆன்லைனில் பார்த்திருக்கிறேன், அளவு சரியாக இருக்குமா என்றுதான் பயம் என்றாள். எனக்கு அதற்குப் பதில் தெரியும் என்று தோன்றியது. சொல்ல வாயெடுப்பதற்குள் வேன் வந்துவிட்டது. என் மகள் ஒரு செருப்பை மட்டும் போட்டிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அந்தக் களேபரத்தில் சொல்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன். எதையாவது கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடுவேனோ என்ற கவலையும் கூடவே இருக்கிறது. அப்போது எனக்கு எட்டு வயது.

என் அம்மா குன்னூர்க்காரி. மட்டாஞ்சேரிக்குக் கல்யாணமாகி வந்தபோது நீளமான இரும்பு ஊசிகள் இரண்டு ஜோடியைத் துணிமூட்டைக்குள் சொருகிக் கொண்டு வந்திருந்தாள். எங்கள் வீடு இஞ்சியும் குறுமிளகும் அடுக்கிய பண்டகசாலைக்குப் பின்னால் இருந்தது. மிளகுக் காரத்தில் அடுத்தடுத்து தும்மிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுவோம். அங்கே ஸ்வெட்டர் ஊசிக்கு என்ன வேலை? பாவாடைக்கு நாடா கோர்க்க ஒன்று. ஸ்டவ்வின் அடைப்பை எடுக்க ஒன்று. அடுத்த வீட்டில் இருந்த மாமி, அதாவது அத்தா என்று நான் கூப்பிடும் அப்பாவின் அக்கா, மூன்றாவதை வாங்கிக்கொண்டு போய் முதுகு சொறிய வைத்திருந்தாள். ஒன்பது வருடம் அந்த ஊசிகள் ஒரு கண்ணிகூடப் பின்னவில்லை.

அத்தா முதலில் பஜாரில் ஓர் அரிசி கிட்டங்கியில் இருந்தார். அது பூட்டப்பட்டதும் தோப்பும்படி ஹார்பருக்குப் பக்கத்தில் ஒரு கோல்ட் ஸ்டோரேஜில் சேர்ந்தார். வெளிநாட்டுக்குப் போகும் இறால் பெட்டிகளை மைனஸ் பதினெட்டு டிகிரி அறையில் அடுக்குவது வேலை. அரைமணி நேரம் உள்ளே, கால்மணி நேரம் வெளியே. கம்பெனி ஜாக்கெட்டுகள் கதவுக்குப் பக்கத்தில் தொங்கும். ஆள் ஏழு, ஜாக்கெட் நாலு, எல்லாம் ஒரே அளவு. முந்தினவரின் வியர்வை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு உள்ளே போனால் காலர் விறைத்துக் கழுத்தை அறுக்கும் என்று அத்தா சொல்லுவார். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கையை என் பிடரியில் வைப்பார். நான் வீறிடுவேன். பஸ்ஸில் வந்த பிறகும் அந்தக் கை சில்லென்றிருக்கும். ஒரு மனிதரின் கைக்குள் வேறொரு நாட்டின் காலநிலை இருப்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

இரண்டு மாதத்தில் அத்தாவுக்கு இருமல் பிடித்தது. பிறகு காய்ச்சல். அது இறங்கியது, பிறகு மறுபடியும் ஏறியது. வெள்ளிக்கிழமை தோறும் வளைகுடாவிலிருந்து அத்தாவின் அண்ணன், என் பெரியத்தா, போன் செய்வார். அவர் பேசுவது அடுக்களை வரை கேட்கும்.

"ஐஸ் பெட்டிக்குள்ள எத்தனை நாளைக்குடா கெடப்பே? இங்க வா. கடையில நிக்கலாம். என் கூட்டாளி லீவுல வர்றான். பாஸ்போர்ட்டை அவன்கிட்ட குடுத்துவிடு."

மாமிக்கும் அதுதான் நல்லதென்று பட்டது. "குளிர் ஒத்துக்கலேன்னா ஒத்துக்கலே. அதுக்கு என்ன செய்ய முடியும்? அவன் போகட்டும் மதினி. ரெண்டு வருசம் கண்ணை மூடித் தொறந்தா ஓடிடும்."

எனக்கு ரெண்டு வருசம் என்றால் பத்து வயது. எங்கள் வரிசையில் நான்கு வீடுகளில், வளைகுடாவுக்குப் போன அத்தாக்கள் போட்டோவாகச் சுவரில் இருந்தார்கள். அவர்களின் பிள்ளைகளிடம் நல்ல ரப்பரும் வாசனைப் பென்சிலும் இருந்தன. எனக்கு அது எதுவும் வேண்டாம் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அம்மாவும் போங்க என்றோ போகாதீங்க என்றோ சொல்லவில்லை. ஒரு நாள் போட் ஏறி எறணாகுளம் போய் ஒரு பை நிறைய உல்லன் நூல் வாங்கி வந்தாள். சாம்பல் நிறம். மாமியிடம் போய் முதுகு சொறிகிற ஊசியைத் திருப்பிக் கேட்டாள்.

அத்தாவை நடுக்கூடத்தில் நிறுத்தி அளவெடுத்தாள். அவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல மூச்சைப் பிடித்து, தோளை விரித்து, நேராக நின்றார். அம்மா சாணால் அளந்தாள். தோளுக்குத் தோள், கழுத்திலிருந்து இடுப்பு, தோளிலிருந்து மணிக்கட்டு. எதையும் எழுதி வைக்கவில்லை.

மழைக்கு முந்தின புழுக்கத்தில் கம்பளி நூலைக் கையில் பிடிப்பது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். வியர்வையில் நூல் ஊசியில் ஒட்டிக்கொள்ளும். அம்மா உள்ளங்கையில் பவுடர் போட்டுக்கொள்வாள். மடியில் நூல் சூடாகக் கிடக்கும் என்று ஒரு முறத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துப் பின்னுவாள். அப்படியும் அவள் கை நின்று நான் பார்க்கவில்லை. ஊசி முனை உள்ளே போகும், நூல் சுற்றும், ஒரு கண்ணி மறுபக்கம் குதிக்கும். வெறும் நூல். அதற்கு நீளம் மட்டும்தான் உண்டு. அது அகலம் பெற்று, பிறகு தோளாகச் சரிந்து, கழுத்துக்கு வழிவிட்டு, ஆள் இல்லாமலே என் அத்தாவின் உருவமாக முறத்தின்மேல் படுத்திருந்தது. நான் தொட்டுப் பார்க்கப் பயந்தேன்.

முடிக்க ஏழு வாரமாயிற்று. அத்தா அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றபோது மாடி வீட்டுச் சேச்சி கீழே இறங்கி வந்தாள்.

"அய்யோ, இது கடையிலெ சாதனமல்லே? கண்டோ, தொலி போலெ கெடக்குன்னு!"

உண்மைதான், தோல் போலத்தான் கிடந்தது. எங்கும் ஒரு மடிப்பு இல்லை. மாமி சுற்றிச் சுற்றிப் பார்த்துக் குறை ஒன்றும் அகப்படாமல், "ஒரு பாக்கெட்டு வச்சிருக்கலாம்," என்றாள். அத்தா கையை அசைக்காமல் நின்றார். கலைந்துவிடுமோ என்று பயந்தவரைப் போல.

அதற்குப் பிறகுதான் வீட்டில் பேச்சு குறைந்தது. அத்தா தினமும் ஸ்வெட்டரைப் பையில் வைத்துக் கொண்டுபோவார், சாயங்காலம் கொண்டுவருவார். மூன்றாம் நாள் அம்மா அதை முகர்ந்து பார்த்தாள். அந்த இடத்துக்குப் போய்வருகிற கைக்குட்டைகூட மீன் நாற்றம் அடிக்கும். ஸ்வெட்டரில் நாப்தலின் வாசனைதான் இருந்தது. மடிப்புகூட அவள் மடித்துக் கொடுத்த மடிப்பு. அவர் போடவே இல்லை.  அம்மா சாயா டம்ளரை அவர் முன்னால் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

"ஆம்பளைங்களுக்கு நாணம் மதினி," என்று மாமி ஆறுதல் சொன்னாள். "பொண்டாட்டி பின்னினதைப் போட்டா மத்தவனுங்க களியாக்கிச் சிரிக்க மாட்டானுங்களா? போகட்டும். பெரியவன்கிட்ட போனா ஸ்வெட்டரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

அம்மா அதை நம்பினாள். நானும் நம்பினேன். அத்தாவுக்கு எங்களைப் பற்றி வெட்கம் என்று நினைத்து இரண்டு நாள் அவரிடம் பேசாமல் இருந்தேன். இன்று என் மகள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பிப் படுக்கும்போது, நான் அன்று அவருக்கு என்ன செய்தேன் என்று தெரிகிறது.

அத்தா பொதுக் குழாயடியில் குளிக்கும்போது சோப்பு எடுத்துக் கொடுப்பது என் வேலை. பேசாவிட்டாலும் அந்த வேலையை நான் விடவில்லை. அவர் குனிந்தபோது முதுகைப் பார்த்தேன். இடுப்புக்குச் சற்று மேலே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை, நான்கு விரல் அகலத்தில் ஒரு பட்டை. சிவந்து, தோல் வறண்டு, வாழைப்பூ மடல்போல இருந்தது. யாரோ பெல்ட்டால் அடித்துவிட்டார்கள் என்று நினைத்து அம்மாவிடம் ஓடினேன்.

"அத்தாவை வேலை செய்யற எடத்துல அடிக்கிறாங்கம்மா."

அம்மா வெளியே வந்து பார்த்தாள். அவர் துண்டால் மூடிக்கொண்டார்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்லே. குளிர் பட்டது."

"அங்க மட்டுமா?"

அவர் வாளியைக் கவிழ்த்தார். அம்மா அந்தப் பட்டை இருந்த உயரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்வெட்டரின் விளிம்பு முடிகிற உயரம் அது.

மறுநாள் மழைக்காகப் பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். அத்தா வேலைக்குப் போன பிறகு அம்மா பர்தாவை மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து, தோப்பும்படி பஸ் ஏறினாள். பையில் ஸ்வெட்டர் இருந்தது. அன்று வேண்டுமென்றே அதை அத்தாவின் பையில் வைக்கவில்லை.

கம்பெனி வாசலில் சூப்பர்வைசர் குடையோடு நின்றார்.

"எந்தா இத்தா, காரியம்?"

"என் வீட்டுக்காரர் பெட்டி தூக்கறதைப் பாக்கணும்."

"பெட்டி தூக்குன்னதோ? இதெந்தா, சினிமாவாணோ, வந்நு கண்டிட்டுப் போகான்?"

"உள்ள வரல. கதவுகிட்ட நிக்கிறேன். தூக்கறதைப் பாத்தா போதும், போயிடுவேன்."

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கடைசியில் அவர் வழிவிட்டார். அம்மாவைப் போன்ற பயந்த ஒருத்தி அங்கே நின்று அந்த நாலு வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு ஒத்திகை பார்த்திருப்பாள் என்று இப்போது யோசிக்கிறேன். ஸ்கூலுக்கு போன் செய்வதற்கே நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தக் கதவு எங்கள் வீட்டுச் சுவரைவிடத் தடிமனாக இருந்தது. அதைத் திறந்தபோது உள்ளேயிருந்து வெள்ளையாகப் புகை தரையோடு புரண்டு வந்து என் கால்களைச் சுற்றிக்கொண்டது. ரப்பர் செருப்புக்குள் விரல்கள் சுருங்கின. புகை விலகியதும் மலைபோல அடுக்கிய பெட்டிகள். அவற்றுக்கு நடுவில் ஜாக்கெட் இல்லாமல், இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு என் அத்தா. புருவத்தில் வெள்ளைத் தூள். ஒரு பெட்டியைக் குனிந்து எடுத்தார், நெஞ்சுக்குக் கொண்டுவந்தார், தலைக்கு மேல் எட்டாவது அடுக்குக்கு ஏற்றினார். கைகள் மேலே போனபோது சட்டைகள் இரண்டும் பேண்டிலிருந்து உருவிக்கொண்டு மேலே போயின. நான்கு விரல் அகலத்தில் முதுகு தெரிந்தது. அந்தக் குளிரில், அவ்வளவு பெரிய அறையில், அந்த ஓர் இடம் மட்டும் திறந்து கிடந்தது.

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். அவர் வெளியே வந்ததும் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து நீட்டினாள்.

"போடுங்க."

"இங்கயா? ஆளுங்க பாக்கறாங்க."

"போட்டுட்டு பெட்டியைத் தூக்குங்க."

போட்டார். காலிப் பெட்டி ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கினார். தோல் போலக் கிடந்த ஸ்வெட்டர் அக்குளில் இழுத்து, சட்டைகளையும் சேர்த்துக்கொண்டு விலாவரை ஏறி நின்றது. இப்போது நான்கு விரல் அல்ல, ஒரு சாண் முதுகு தெரிந்தது.

"மொதல் நாளே தெரிஞ்சதா?"

அவர் ஆமென்று தலையை ஆட்டினார்.

"சொல்றதுக்கென்ன?"

"ஏழு வாரம் முறத்தைக் கவுத்துப்போட்டு ஒக்காந்திருந்தே," என்றார் அத்தா. 

 "நிக்கிற மனுசனுக்கு அளவெடுத்திருக்கேன் நான்," என்றாள் அம்மா. "நீங்க இங்க எங்க நிக்கிறீங்க?"

பிறகு பையிலிருந்து ஒரு துண்டு நூலை எடுத்தாள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவர் பின்னால் போய் நின்று, "தூக்குங்க. இன்னும். எட்டாவது அடுக்குக்குப் போங்க," என்றாள். பிடரியிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை நூலை ஓட்டி ஒரு முடிச்சு. குனியச் சொல்லி ஒரு முடிச்சு. அக்குளிலிருந்து இடுப்புவரை ஒன்று. பெட்டியை நெஞ்சில் அணைத்து நிற்கும்போது முதுகின் அகலத்துக்கு ஒன்று.

"இக்காக்கு ரெண்டாம் கெட்டினு கோட்டு தைக்கானோ?" என்று ஒருவர், அத்தாவுக்கு இரண்டாவது கல்யாணம் என்பதுபோலக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்துவிட்டார், கை இரண்டையும் தூக்கியபடியே.

வீட்டுக்கு வந்த உடனே அம்மா பிரிக்க ஆரம்பித்தாள். தையலைப் பிரித்து ஒரு நுனியை இழுத்ததும் வரிசை வரிசையாக அவிழ்ந்து வந்தது. ஏழு வாரம் மூன்று மணி நேரத்தில் போயிற்று. நான் பந்தாகச் சுற்றினேன். நூல் நேராக வரவில்லை, ஒவ்வொரு கண்ணியின் வளைவும் அதில் அப்படியே இருந்தது. நூல் தான் இருந்த உருவத்தை ஞாபகம் வைத்திருக்கிறது என்று கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மா அதை நனைத்து, கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேராக்கினாள். மழைக்காலத்தில் நான்கு நாள் காயவில்லை. வீடு முழுக்க நனைந்த ஆட்டு வாசனை.

பெரியத்தாவின் கூட்டாளி ஊருக்கு வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் திரும்பிப் போவார், அதற்கு முன் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ள வருவார். அம்மா கேட்டுக்கொண்டு ஒரு வரிசை முடித்துத் திருப்பினாள்.

இரண்டாவது தடவை, பின்னிய துண்டை ஒவ்வொரு சாயங்காலமும் அத்தாவின்மேல் வைத்துப் பார்ப்பாள். அவர் பெட்டி தூக்கவேண்டும். வீட்டில் பெட்டிக்கு எங்கே போவது? என்னைத் தூக்கச் சொன்னாள். ஒரு பெட்டி இருபது கிலோ, நானும் ஏறக்குறைய அவ்வளவுதான். குனிந்து என்னை எடுப்பார், நெஞ்சுக்குக் கொண்டுவருவார், தலைக்கு மேல் ஏற்றுவார். "எட்டாவது அடுக்கு!" என்று நான் கத்துவேன். ஓட்டுக்கு அடியில், பல்லி முட்டையும் ஒட்டடையும் தெரியும் உயரத்தில் நான் மிதப்பேன். கீழே குனிந்து பார்த்தால் அம்மாவின் விரல்கள் அவர் முதுகில் விளிம்பைத் தேடிக்கொண்டிருக்கும். "இறக்காதீங்க. இன்னும் ரெண்டு வரிசை வேணும்." அத்தாவின் கை நடுங்கும், ஆனால் இறக்கமாட்டார். அவ்வளவு உயரத்தில் இருந்து அவர்கள் இருவரையும் நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

நூல் போதவில்லை. கல்யாணத்துக்கு முன் குன்னூரில் போட்டிருந்த தன் பழைய மெரூன் ஸ்வெட்டரை அம்மா பெட்டியடியிலிருந்து எடுத்து, யோசிக்காமல் பிரித்துவிட்டாள். அது எனக்கு வரவேண்டியது என்று நான் நினைத்திருந்தேன்.

முடிந்ததும் அதைக் கொடியில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் ஒரு சாண் நீளம், அதுவும் மெரூன் நிறத்தில். அக்குளில் பட்டம் போல ஒரு சதுரத் துண்டு தொங்கியது. கைகள் உள்ளங்கையைத் தாண்டின.

"இது யாருக்கு மதினி, வால் உள்ளவனுக்கா?" என்றாள் மாமி.

அத்தா போட்டுக்கொண்டு நின்றபோது இன்னும் மோசம். எங்கும் தொளதொளத்தது. அம்மா என்னை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அவர் என்னைத் தூக்கினார். மேலிருந்து நான் பார்த்தேன். தொங்கிய சதுரங்கள் விரிந்து மறைந்தன. கைகள் மணிக்கட்டில் வந்து நின்றன. வால் என்று சிரித்தது சரியாக இடுப்பில் வந்து படிந்தது. ஒரு சுருக்கம் இல்லை.  "இன்னொரு தடவை தூக்கு," என்றாள் மாமி, தம்பியிடம்.

அந்த ஸ்வெட்டர் இப்போது இல்லை. வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. நான்தான் அந்த மூட்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள். அம்மா இதுவரை அதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. பெரியத்தாவின் பிள்ளைகள் மாடி வீடு கட்டினார்கள். அத்தா போயிருந்தால் எங்களுக்கும் அது இருந்திருக்கும். அம்மா செய்தது சரிதானா என்று சில நாள் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அத்தா வீட்டிலேயே இருக்க வளர்ந்த எனக்கு அந்தக் கணக்கைச் சரியாகப் போட வராது என்றும் தெரியும்.

கூட்டாளி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், நல்ல மழையில். அம்மா பாஸ்போர்ட்டை ஒரு கவரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் சாயா போட்டாள். கடமையை அவள் தவறவிட்டதில்லை. நான் கதவிடுக்கில் நின்று அந்தக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவன் ஷிப்டு முடியலையா? எனக்கு நாலு மணிக்கு வண்டி," என்றார் அவர்.

"வந்துடுவாங்க."

முற்றத்தில் மாடி வீட்டுச் சேச்சியின் சிரிப்புச் சத்தம் முதலில் கேட்டது. பிறகு அத்தா வாசலில் வந்து குடையை மடக்கினார். தோப்பும்படியிலிருந்து பஸ்ஸில் வந்து, பஜார் முழுக்க நடந்து, சாம்பலும் மெரூனுமாக அந்த ஸ்வெட்டரோடு நின்றார்.

"என்னடா இது வேஷம்?" என்றார் கூட்டாளி.

"என்னங்க, இதைக் கழட்டாமலா பஸ்ல வந்தீங்க?" என்றாள் அம்மா.

அத்தா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். கையைத் தூக்கிப் பார்த்தார். உண்மையாகவே திகைத்துப்போனவர் போல இருந்தார்.

"போட்டிருக்கேனா? எனக்குத் தெரியவே இல்லையே."

 கூட்டாளி சாயாவைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார். கவரைப் பார்த்தார், அத்தாவைப் பார்த்தார். "உன் அண்ணன்கிட்ட நான் என்ன சொல்ல?" என்றார்.

"குளிர் ஒத்துக்கிச்சுன்னு சொல்லு," என்றார் அத்தா.

அம்மா எழுந்தாள். வெளியாள் ஒருவர் முன்னால் அவள் அத்தாவுக்கு எதிரே உட்காரக்கூட மாட்டாள். நேராக அவர் பின்னால் போய், ஸ்வெட்டரின் விளிம்பைத் தூக்கி, அவர் இடுப்பில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"சூடா இருக்கு," என்றாள் என்னைப் பார்த்து.